மழைக்காடு வெளிவிடும் கந்தக வாயுக்களை அளப்பது எப்படி? சிங்கப்பூரில் களப்பணி செய்வோருக்கு முழுமையான வழிகாட்டி

மழைக்காட்டு மண்ணும் இலையும் சதுப்புநிலச் சேறும் இயல்பாகக் காற்றில் கலக்கும் கந்தக வாயுக்களை முதன்முறையாக அளக்கப் போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டமானாலும் பல்கலைக்கழக ஆய்வானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கருவியைத் தூக்கிக்கொண்டு நேராகக் காட்டுக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வந்த பிறகுதான் தாங்கள் அளந்தது மண்ணையா, குழாயையா, காலை உணவையா என்று தெரியாமல் திணறுகிறார்கள். கீழே உள்ள வரிசையில் காட்டில் அளப்பது எட்டாவது படி. முந்தைய ஏழு படிகளையும் அவற்றுக்குரிய இடத்தில் முடித்தவர்களுக்கு அந்த எட்டாவது படி சுலபமாக இருக்கும்.

1. எந்த வாயு, எந்தப் பரப்பு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"கந்தக வெளியேற்றத்தை அளக்கப் போகிறேன்" என்பது ஒரு கேள்வியே அல்ல. நிலப்பரப்பிலிருந்து வரும் முக்கியமான கந்தக வாயுக்கள் ஐந்து: ஹைட்ரஜன் சல்ஃபைடு, டைமெத்தில் சல்ஃபைடு, மீத்தேன்தயால், கார்பனைல் சல்ஃபைடு, கார்பன் டைசல்ஃபைடு. ஒவ்வொன்றும் வேறு வழியில் உருவாகிறது, வேறு வழியில் அழிகிறது, வேறு கருவியைக் கேட்கிறது.

ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆக்சிஜன் இல்லாத ஈரச் சேற்றில் பிறக்கிறது. சல்ஃபேட்டைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. காட்டு ஓடையில் அதில் மிகச் சிறு பங்குதான். எனவே அலையாத்திச் சேற்றில் இந்த வாயு தாராளமாக உருவாகும். மேட்டுக்காட்டு மண்ணில் அது பெரும்பாலும் தட்டுப்படவே செய்யாது. அழுகிய முட்டை வாடையை எதிர்பார்த்து புக்கிட் தீமாவுக்குப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

டைமெத்தில் சல்ஃபைடைக் கடல் வாயு என்றே பலர் நினைக்கிறார்கள். கடல்தான் அதன் பெரிய மூலம் என்பது உண்மை. ஆனால் நடு அமேசான் மழைக்காட்டில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு, மண்ணும் ஏழு வெப்பமண்டல மர இனங்களும் அதை வெளியிடுவதைக் காட்டியது. மரமுகட்டுக்குள் மாலையிலும் இரவிலும் டிரில்லியனில் 160 பங்கு வரை அதன் அளவு உயர்ந்தது. பகலில், மழை ஓய்ந்ததும் தரையருகே அளவு கூடியதும் பதிவானது. மழைக்காட்டில் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த வாயுவைத்தான். ஓரளவு நிலையானது, குழாய்ச் சுவரில் அவ்வளவாக ஒட்டாது, பிழைகளைக் கண்டுபிடிப்பதும் எளிது.

கார்பனைல் சல்ஃபைடின் போக்கு நேர்மாறானது. காற்றில் டிரில்லியனில் ஏறக்குறைய 500 பங்கு எப்போதும் இருக்கிறது. இலைகள் கார்பன் டைஆக்சைடோடு சேர்த்து இதையும் உள்ளிழுக்கின்றன. உள்ளே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுகிறது. காட்டின் கணக்கில் இது பெரும்பாலும் கழித்தல். வெளியேற்றம் என்ற தலைப்பில் இதைத் தேர்ந்தெடுத்தால் எதிர்மறை எண் வரும்போது கலங்கக் கூடாது.

ஒரு வாயு, ஒரு பரப்பு. முதல் திட்டத்துக்கு அதுவே போதும்.

2. இடமும் அனுமதியும்

இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் ஆய்வு செய்யத் தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதி கட்டாயம். மண்ணிலிருந்து வரும் வாயுவைச் சேர்க்கக் கவிழ்க்கும் மூடுகலனைப் பொருத்த மண்ணில் ஒரு வளையம் பதிப்பதற்கும் கிளையில் ஒரு பை கட்டுவதற்கும் அது பொருந்தும். இதை முதல் மாதமே தொடங்குங்கள். விண்ணப்பத்தில் வளையத்தின் விட்டம், ஆழம், எண்ணிக்கை, எத்தனை நாள் மண்ணில் இருக்கும், எப்படி அகற்றுவீர்கள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இந்த விவரங்கள் இல்லாமல் "மண் வாயு ஆய்வு" என்று மட்டும் எழுதினால் கேள்விகள் வரும், வாரங்கள் போகும்.

இடத்தைப் பொறுத்தவரை மூன்று வகை நிலம் இங்கே கிடைக்கிறது. புக்கிட் தீமா மேட்டுக்காடு, வடிகால் உள்ள மண். நீ சூன் நன்னீர்ச் சதுப்புக்காடு, தீவில் எஞ்சியிருக்கும் கடைசி நன்னீர்ச் சதுப்புக்காடு. ஈரம் உண்டு, சல்ஃபேட் குறைவு. சுங்கை பூலோவும் பாசிர் ரிஸ்ஸும் அலையாத்தி. ஈரமும் சல்ஃபேட்டும் இரண்டும் உண்டு. மூன்றையும் ஒப்பிட்டால் ஈரத்தின் பங்கையும் சல்ஃபேட்டின் பங்கையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். இவ்வளவு குறுகிய தூரத்தில் இப்படி ஓர் ஒப்பீடு கிடைப்பது அரிது. வாய்ப்பிருந்தால் நழுவவிடாதீர்கள்.

சிறப்பு வாசனை உள்ள மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பெத்தாய், டுரியான் ஆகியவற்றின் மணத்தில் கந்தகச் சேர்மங்கள் முக்கியமானவை. மலாயாத் தாழ்நிலக் காடுகளில் வளரும் குலிம் மரத்தின் இலையும் பட்டையும் பூண்டு வாடை வீசும். அப்படி ஒரு மரம் வளையத்துக்கு அருகில் நின்றால் அதன் உதிர்ந்த இலைகளும் பழங்களும் உங்கள் எண்ணை மாற்றும்.

சாக்கடை மூடிகளையும் கான்கிரீட் வாய்க்கால்களையும் வரைபடத்தில் குறியுங்கள். இந்தத் தீவில் காட்டின் விளிம்பும் நகரமும் தோளோடு தோள் நிற்கின்றன. கழிவுநீர்க் குழாயின் ஹைட்ரஜன் சல்ஃபைடு காட்டின் கணக்கில் ஏறிவிடக் கூடாது.

3. கருவி எவ்வளவு சிறிய அளவைக் காணும் என்று கணக்கிடுங்கள்

மூடுகலன் செய்வதற்கு முன் இந்தக் கணக்கைத் தாளில் போடுங்கள். பலரும் தாண்டிப்போகும் படி இது. தாண்டினால் ஒரு பருவமே வீணாகும்.

கல்லூரி ஆய்வகங்களில் எளிதாகக் கிடைப்பது மெத்திலீன் நீல முறை. ஹைட்ரஜன் சல்ஃபைடைத் துத்தநாக அசிட்டேட் கரைசலில் பிடித்து, நிறம் வரவழைத்து, ஒளி உறிஞ்சலை அளப்பார்கள். அந்த முறை கரைசலில் லிட்டருக்கு 1 மைக்ரோமோல் வரை காணும் என்று வைத்துக்கொள்வோம். பிடிகரைசல் 10 மில்லிலிட்டர் என்றால் குறைந்தது 10 நானோமோல் வாயு உங்களுக்குத் தேவை. 27 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 40.6 மோல் வாயு இருக்கும். அடுத்த படியில் செய்யப்போகும் 17.7 லிட்டர் மூடுகலனில் 10 நானோமோல் இருக்க வேண்டுமானால் உள்ளே பில்லியனில் 14 பங்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்திருக்க வேண்டும்.

அலையாத்திச் சேற்றில் இது நடக்கக்கூடிய காரியம். மேட்டுக்காட்டுக் காற்றில் டிரில்லியனில் 30 பங்குதான் இருக்கிறது என்று கொண்டால், அதே 10 நானோமோலைச் சேர்க்க 8,000 லிட்டருக்கும் அதிகமான காற்றை உறிஞ்ச வேண்டும். நிமிடத்துக்கு 2 லிட்டர் பம்பு ஏறக்குறைய மூன்று நாள் இடைவிடாமல் ஓட வேண்டும். மெத்திலீன் நீலம் காட்டுக்கு ஆகாது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும்.

காட்டு அளவுகளுக்குக் காற்றைக் கடுங்குளிர்ப் பொறியில் அல்லது உறிஞ்சுபொருள் குழாயில் செறிவூட்டி, பிறகு கலவையிலுள்ள வாயுக்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்பியில் (gas chromatograph) கந்தகத்துக்கென்று உள்ள உணரியால் படிக்க வேண்டும். கார்பனைல் சல்ஃபைடுக்கு லேசர் நிறமாலைமானி பொருத்தம்.

வாயு மூலக்கூறுகளில் புரோட்டானை ஏற்றி அவற்றின் நிறையை அளக்கும் புரோட்டான் ஏற்ற நிறைமானி (PTR-MS) கிடைத்தால் ஓர் எச்சரிக்கை. டைமெத்தில் சல்ஃபைடு அதில் நிறை எண் 63-இல் தெரியும். அசிட்டால்டிஹைடோடு ஒரு நீர் மூலக்கூறு ஒட்டிக்கொண்டாலும் அதே 63-தான். வேர் நீரில் மூழ்கிய மரங்கள் அசிட்டால்டிஹைடை வெளியிடுகின்றன. நம் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. நன்னீர்ச் சதுப்புக்காட்டில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். 63.026, 63.044 என்ற இரண்டு நிறைகளையும் பிரித்துக் காட்டும் கருவி இல்லையென்றால், அந்த எண்ணை நிறப்பகுப்பியின் மாதிரியோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

4. மூடுகலனைச் செய்யுங்கள்: பொருளில்தான் எல்லாம் இருக்கிறது

வடிவம் எளிது. 30 சென்டிமீட்டர் விட்டம், தரைக்கு மேல் 25 சென்டிமீட்டர் உயரம் உள்ள உருளை. மண்ணில் நிரந்தரமாக ஒரு வளையம், அதன் மேல் கழற்றி மாட்டும் மூடி.

பொருளில் கருத்தாக இருங்கள். உள்ளே வாயு தொடும் ஒவ்வொரு பரப்பும் டெஃப்லானாகவோ டெஃப்லான் படலம் ஒட்டியதாகவோ வாயு ஒட்டாதபடி செயலிழக்கச் செய்த கண்ணாடியாகவோ இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேன்தயாலும் சாதாரண உலோகத்திலும் ஈரமான சுவரிலும் ஒட்டி மறைந்துவிடும். செம்பு, பித்தளை இணைப்புகளை அறவே தவிருங்கள். அவை சல்ஃபைடோடு வினைபுரிந்து கறுக்கும்.

ரப்பரைத் தொடவே வேண்டாம். ரப்பரை உறுதிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். வெயில் பட்ட ரப்பர் வளையம் கார்பனைல் சல்ஃபைடையும் கார்பன் டைசல்ஃபைடையும் தானே வெளியிடும். மூடியின் அடியில் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டிய மூடுகலன்களைப் பார்த்திருக்கிறேன். அவை காட்டின் கந்தகத்தோடு தம் சொந்தக் கந்தகத்தையும் சேர்த்தே அளக்கும். மூடிக்கும் வளையத்துக்கும் இடையே ரப்பருக்குப் பதிலாக நீர்ப்பள்ளமும் வைக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த நீரில் கரையும். டெஃப்லான் பட்டையும் இறுக்கிகளும் போதும்.

மூடி ஒளி புகாததாகவும் வெளியே வெள்ளையாகவும் இருக்கட்டும். நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் இருக்கிறோம். இலைகளின் இடைவெளியில் விழும் ஒரு வெயில் துண்டு போதும், தெளிவான மூடிக்குள் வெப்பம் ஏறிவிடும். மண் சூடானால் நுண்ணுயிர்களின் வேகம் மாறும். பிறகு நீங்கள் அளப்பது மூடுகலன் உண்டாக்கிய வெப்பத்தைத்தான்.

ஒரு சிறு விசிறி, மெதுவான சுழற்சி. ஒரு நீண்ட மெல்லிய காற்றோட்டக் குழாய், உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய. அது இல்லாமல் மூடியை அழுத்தி மாட்டினால் மண்துளைகளில் உள்ள வாயு திரும்பிப் போகும். மாதிரி உறிஞ்சும்போது மேலே இழுபடும். இரண்டுமே பொய்யான எண்களைத் தரும்.

5. வெற்றுச் சோதனையும் மீட்புச் சோதனையும்

இந்தப் படிக்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். வேலையின் நம்பகத்தன்மை முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

வெற்றுச் சோதனை: மூடுகலனை ஒரு டெஃப்லான் தகட்டின் மேல் கவிழ்த்து, மண் இல்லாமல், களத்தில் செய்யப்போகும் எல்லாவற்றையும் அப்படியே செய்யுங்கள். அதே நேரம், அதே விசிறி, அதே வெப்பம். குளிரூட்டிய அறையில் 24 டிகிரியில் செய்துவிட்டுக் காட்டில் 31 டிகிரியில் அளப்பது சரியான வெற்றுச் சோதனை ஆகாது. பொருள்கள் வாயுவை விடும் வேகம் வெப்பத்தோடு ஏறும். வெளியே நிழலில் வைத்துச் செய்யுங்கள்.

மீட்புச் சோதனை: அளவு தெரிந்த வாயுவை உள்ளே செலுத்தி, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். இதற்கு ஊடுருவல் குழாய்கள் உண்டு; மாறாத வெப்பத்தில் மாறாத வேகத்தில் டைமெத்தில் சல்ஃபைடையோ ஹைட்ரஜன் சல்ஃபைடையோ கசியவிடும். முதலில் உலர்ந்த காற்றில் செய்யுங்கள். பிறகு ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்ள காற்றில் செய்யுங்கள். இரண்டாவதுதான் சிங்கப்பூர்க் காடு. உலர்ந்த காற்றில் அழகாக வரும் மீட்பு, ஈரக் காற்றில் சரிவது ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வழக்கம்.

மீட்பு குறைவாக இருந்தால் ஓர் எண்ணால் பெருக்கிச் சரிக்கட்ட வேண்டும் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இழப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதில்லை. எங்கே இழக்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் குழாயை மாற்றுங்கள், சுருக்குங்கள், உலர்த்துங்கள்.

ஓசோனையும் இங்கேயே கவனிக்க வேண்டும். உறிஞ்சுபொருளில் பிடிபட்ட டைமெத்தில் சல்ஃபைடை, கூடவே வரும் ஓசோன் அழித்துவிடும். அதனால் பொறிக்கு முன்னால் ஓர் ஆக்சிஜனேற்றி நீக்கி வேண்டும். சுத்தமான பஞ்சு நிரப்பிய குழாயையும் பொட்டாசியம் அயோடைடு பூசிய வடிதாளையும் பயன்படுத்துகிறார்கள். எதைப் பயன்படுத்தினாலும் அது கந்தக வாயுவைத் தின்னவில்லை என்பதை மீட்புச் சோதனையில் உறுதிசெய்யுங்கள். பஞ்சு ஈரமானதும் மாற்றுங்கள்.

6. வளையத்தைப் பதியுங்கள், பிறகு காத்திருங்கள்

வளையத்தை 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம் அழுத்தினால் போதும். மழைக்காட்டில் உயிருள்ள நுண்வேர்கள் மேல்மண்ணிலேயே பின்னிக் கிடக்கின்றன. ஆழமாக வெட்டினால் அவை அறுபட்டு அழுகத் தொடங்கும். காயம்பட்ட திசுவிலிருந்து மீத்தேன்தயாலும் டைமெத்தில் சல்ஃபைடும் வரும். பதித்த நாளில் அளப்பவர்களுக்கு அதனால்தான் மிகப் பெரிய எண்கள் கிடைக்கின்றன. குறைந்தது ஒரு வாரம் விட்டுவிடுங்கள். இலைச்சருகை அகற்ற வேண்டாம். அதுவும் மண்பரப்பின் பகுதிதான்.

அலையாத்தியில் வேறு சிக்கல். சேற்றை மிதித்தால் உள்ளே தேங்கிய வாயு குமிழியாக வெடித்து வெளியேறும். வளையத்துக்கு அருகில் நின்றுகொண்டு அளப்பவர், தன் எடை பிதுக்கிய வாயுவைத்தான் அளக்கிறார். நடைபாலத்திலிருந்து எட்டும் தூரத்தில் வளையத்தை வையுங்கள். முடியாவிட்டால் பலகைகளைத் தூண்களில் தாங்கி நிறுத்தி, உடல் எடை வளையத்தைச் சுற்றிய சேற்றில் விழாதபடி செய்யுங்கள். மாதிரிக் குழாய் 2 மீட்டர் நீளம் இருக்கட்டும்.

நண்டு வளைகளையும் சேற்று இறால் எழுப்பும் மேடுகளையும் எண்ணிக் குறித்துவிட்டு, அவை உள்ள வளையம், இல்லாத வளையம் எனப் பிரித்து வையுங்கள். வளைகள் ஆக்சிஜனை ஆழத்துக்குக் கொண்டுபோகும். அங்கே சல்ஃபைடு வெளியே வருமுன் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடலாம்; அல்லது வளையே புகைபோக்கியாகவும் அமையலாம். இரண்டையும் கலந்து சராசரி போட்டால் எதுவும் புரியாது.

7. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

அலையாத்தியில் அலை அட்டவணைதான் நாட்காட்டி. நீர் மூடியிருக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு நீரிலேயே ஆக்சிஜனேற்றம் அடையும். நீர் வடிந்து சேறு வெளிப்பட்ட பிறகு அளவிடுங்கள். வடிந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும் எழுதுங்கள்.

மேட்டுக்காட்டில் மழைதான் முக்கியம். மழைக்கு முந்தைய அளவீடும் பிந்தைய அளவீடும் வேறு வேறு. கடைசியாக எப்போது, எவ்வளவு பெய்தது என்பதை வானிலை நிலையத் தரவிலிருந்து எடுத்து வையுங்கள். தீவின் கிழக்கில் மழை கொட்டும்போது மேற்கில் வெயில் அடிக்கும். அருகிலுள்ள நிலையத்தின் தரவே வேண்டும்.

காற்றின் திசையும் கணக்கில் வர வேண்டும். தென்மேற்கிலிருந்து வீசினால் ஜூரோங் தீவு, புலாவ் புக்கோம் தொழிற்சாலைகளின் வாயுவும் கப்பல் புகையும் வரலாம். கப்பல் எரிபொருளின் கந்தக உச்சவரம்பு 2020 ஜனவரி 1 முதல் 0.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் அது பூஜ்யமல்ல. கடற்காற்றும் தன் டைமெத்தில் சல்ஃபைடைக் கொண்டுவரும். தீவின் எந்தக் காடும் கடலுக்கு வெகுதூரம் இல்லை. மூடுகலன் முறை மூடிக்குள் ஏற்படும் மாற்றத்தை அளப்பதால் இவற்றைப் பெருமளவு தாங்கும். ஆனால் சுற்றுக்காற்றின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு "காடு இவ்வளவு விடுகிறது" என்று சொல்பவர்களை இது அடியோடு கவிழ்த்துவிடும்.

புகைமூட்ட நாட்களில் இயல்பு அளவீடு வேண்டாம். எரியும் கரிநிலமும் தாவரங்களும் சல்ஃபர் டைஆக்சைடையும் கார்பனைல் சல்ஃபைடையும் கொண்டுவரும்.

8. அளக்கும் நாள்

முந்தைய இரவிலிருந்தே வெங்காயம், பூண்டு, பெத்தாய், டுரியான் வேண்டாம். பூண்டு தின்றவரின் மூச்சில் கந்தகச் சேர்மங்கள் பல மணி நேரம் இருக்கும். நம் சாம்பாரும் ரசமும் விதிவிலக்கல்ல. அன்று தயிர்சோறு கொண்டு போங்கள். வளையத்தின் மேல் குனிந்து பேசுவதையும் தவிருங்கள்.

களத்தில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் சுற்றுக்காற்று மாதிரி. அடுத்து டெஃப்லான் தகட்டின் மேல் ஒரு வெற்றுச் சோதனை. அதன் பிறகே வளையத்தில் மூடி. மூடியதும் பூஜ்ய நிமிட மாதிரி. தொடர்ந்து 7, 14, 21-ஆம் நிமிடங்களில். இரண்டு மாதிரி மட்டும் எடுத்தால் கோடு நேராகத்தான் வரும், வேறு வழியே இல்லை. நான்கு எடுத்தால்தான் வளைவு தெரியும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சேரச் சேர மண்ணும் சுவரும் அதைத் திரும்ப உறிஞ்சத் தொடங்கும். அப்போது தொடக்கச் சரிவைத்தான் எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் மண் வெப்பம், உள்வெப்பம், காற்றழுத்தம், மண் ஈரம். உள்வெப்பம் 3 டிகிரிக்கு மேல் ஏறினால் அந்த அளவீட்டை ஒதுக்கிவிடுங்கள். கடைசியில் மறுபடி ஒரு வெற்றுச் சோதனை. காலையில் சுத்தமாக இருந்த மூடுகலன் மாலையில் சேறு தெறித்து மாறியிருக்கலாம்.

பாதுகாப்பு: மின்னல் எச்சரிக்கை வந்தால் கருவியை அப்படியே விட்டுவிட்டு வெளியேறுங்கள். சுங்கை பூலோவில் முதலைகள் வாழ்கின்றன. அறிவிப்புப் பலகைகளை மதியுங்கள், தனியாகச் சேற்றில் இறங்காதீர்கள். நீள்வால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவென்று பறிக்கும். மாதிரிப் பைகளைக் கடினமான பெட்டிக்குள் வையுங்கள்.

9. கிளையை அளப்பதானால்

இலைகளுக்கு மூடிய கலன் ஒத்துவராது. சில நிமிடங்களில் நீராவி நிறைந்து சுவரில் வியர்க்கும். வாயு அதில் கரையும். எனவே டெஃப்லான் படலப் பைக்குள் கிளையை விட்டு, ஒரு பக்கம் காற்றைச் செலுத்தி மறுபக்கம் வெளியேற்றி, இரண்டு முனைகளுக்கும் உள்ள வேறுபாட்டை அளக்க வேண்டும். பைக்குள் நீர் துளிர்க்காத அளவுக்குக் காற்றோட்டம் வேண்டும்.

பையைக் கட்டிய நாளில் அளக்காதீர்கள். கசங்கிய இலை காயத்தின் வாயுவை விடும்.

உள்ளே செலுத்தும் காற்று எது என்பதில்தான் பெரிய தடுமாற்றம். சுத்தமான காற்று நல்லது என்று எண்ணிக் கந்தகமே இல்லாத சிலிண்டர்க் காற்றைச் செலுத்துகிறார்கள். அதில் கார்பனைல் சல்ஃபைடு இல்லாததால் இலை உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, உறிஞ்சல் மறைந்துபோகும். மிகச் சிறிய வெளியேற்றம் மட்டும் தெரியும். இலை உண்மையில் கந்தகத்தை எடுத்துக்கொள்ளும் இடத்தில், அது கொடுக்கிறது என்று எழுதிவிடுவார்கள். சுற்றுக்காற்றையே ஓசோனை மட்டும் நீக்கிச் செலுத்துங்கள். கார்பன் டைஆக்சைடையும் நீக்காதீர்கள். அது குறைந்தால் இலைத்துளைகள் திறக்கும் அளவு மாறும்.

10. மாதிரியைக் கொண்டுசெல்லுதல்

நம் நல்வாய்ப்பு, எந்தக் காட்டிலிருந்தும் ஆய்வகம் ஒரு மணி நேரத்துக்குள். அதைப் பயன்படுத்துங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேன்தயாலும் அன்றே பகுப்பாய்வாக வேண்டும். டைமெத்தில் சல்ஃபைடை ஒரு நாளுக்குள் முடித்துவிடுங்கள். துத்தநாக அசிட்டேட் பிடிகரைசலை ஒளி படாமல், காற்று புகாமல், குளிரில் வையுங்கள்.

மாதிரிப் பைகளை வாங்கும்போதும் சோதியுங்கள். வாயு மாதிரிக்கென்றே விற்கும் சில பைகளின் படலம் தானே கார்பனைல் சல்ஃபைடையும் கார்பன் டைசல்ஃபைடையும் கசியவிடும். நைட்ரஜன் நிரப்பி ஓர் இரவு வைத்துப் படித்துவிட்டால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பயணத்திலும் அளவு தெரிந்த ஒரு மாதிரியைக் கூடவே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவாருங்கள். அது குறைந்திருந்தால் மற்றவையும் குறைந்திருக்கின்றன.

11. கணக்கு

வெளியேற்ற வீதம் என்பது மூன்று எண்களின் பெருக்கம்: வாயுப் பங்கு நொடிக்கு எவ்வளவு ஏறுகிறது, ஒரு கனமீட்டர் காற்றில் எத்தனை மோல், மூடுகலனின் கனஅளவைப் பரப்பால் வகுத்தால் வரும் உயரம்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. டைமெத்தில் சல்ஃபைடு 20 நிமிடத்தில் டிரில்லியனில் 60 பங்கிலிருந்து 180 பங்குக்கு ஏறுகிறது. 1,200 நொடியில் 120 பங்கு; நொடிக்கு 0.1 பங்கு. 27 டிகிரியில் கனமீட்டருக்கு 40.6 மோல். உயரம் 0.25 மீட்டர். பெருக்கினால் ஒரு சதுரமீட்டருக்கு நொடிக்கு ஏறக்குறைய 1 பிக்கோமோல். கந்தகத்தின் அணுநிறை 32.06, மணிக்கு மாற்றினால் சதுரமீட்டருக்கு ஏறக்குறைய 117 நானோகிராம் கந்தகம்.

வழக்கமான பிழைகள்: வளையத்துக்குள் மண்பரப்பு மேடுபள்ளமாக இருப்பதால் உண்மை உயரம் 25 சென்டிமீட்டர் இல்லை, பல புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். மாதிரியாக ஒரு லிட்டர் உறிஞ்சினால் அவ்வளவு வெளிக்காற்று உள்ளே வந்து நீர்க்கச் செய்யும், 17.7 லிட்டரில் அது ஒவ்வொரு முறையும் 5 விழுக்காட்டுக்கு மேல், திருத்தாமல் விட முடியாது. வாயுவின் நிறையில் சொல்கிறீர்களா, கந்தகத்தின் நிறையில் சொல்கிறீர்களா என்பதை எழுதுங்கள். டைமெத்தில் சல்ஃபைடின் நிறையில் கந்தகம் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் விட்டால் படிப்பவர் இரு மடங்கு தவறுவார்.

வெற்றுச் சோதனையின் சரிவைக் கழியுங்கள். கழித்த பின் எஞ்சுவது வெற்றுச் சோதனைகளின் சிதறலுக்குள் அடங்கினால், "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று எழுதி, எல்லை எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். பூஜ்யம் என்று எழுதாதீர்கள்.

12. கிடைத்த எண்ணைப் படித்தல்

மூடுகலன் தருவது நிகர அளவு. அலையாத்திச் சேற்றில் உருவாகும் சல்ஃபைடில் பெரும்பகுதி இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகவும் பைரைட்டாகவும் உள்ளேயே தங்கிவிடுகிறது. சேற்றின் கறுப்பு நிறம் அதனால்தான். மேலே வருவது எஞ்சிய சிறு பகுதி. எனவே குறைந்த வெளியேற்றத்தைப் பார்த்து உற்பத்தியும் குறைவு என்று எழுதக் கூடாது.

வாடையை ஆதாரமாக்காதீர்கள். மூக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடைப் பில்லியனில் சில பங்கு அளவிலேயே உணர்ந்துவிடும். மழைக்காட்டின் மற்ற கந்தக வாயுக்கள் டிரில்லியன் அளவில் வாடையே இல்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கும். வாடை வீசும் இடத்திலேயே வளையத்தைப் பதிப்பவர்கள் மிக அதிகமான புள்ளியை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். வளையங்களின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

இரவு அளவீடு இல்லாமல் நாள் மொத்தம் போடாதீர்கள். பகலில் காற்றிலுள்ள, வேகமாக வினைபுரியும் ஹைட்ராக்சில் அணுக்கூட்டம் (OH) டைமெத்தில் சல்ஃபைடை அழிக்கிறது. காற்றும் மேலெழுந்து கலக்கிறது. இரவில் காற்று அடங்கி மரமுகட்டுக்குக் கீழே வாயு தேங்கும். சுற்றுக்காற்று அளவு இரவில் கூடியதாலேயே மண் அதிகம் விடுகிறது என்று முடிவுகட்ட முடியாது. அதைச் சொல்ல மூடுகலன் வேண்டும். இரவில் வனப்பகுதிக்குள் இருக்க அனுமதிக் கடிதத்தில் தனியாகக் குறிப்பு வேண்டும். இரண்டாம் படியிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆறு வளையங்களின் சராசரியைத் தீவின் மொத்தக் காட்டுப் பரப்பால் பெருக்கி ஒரு பெரிய எண்ணை அறிக்கையின் முதல் வரியில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் பத்து மடங்கு வேறுபாடு வரக்கூடிய நிலத்தில் அந்தப் பெருக்கலுக்கு அர்த்தமில்லை. ஒவ்வொரு வளையத்தின் எண்ணையும் தனித்தனியாக, மண் ஈரம், வெப்பம், நேரம், வெற்றுச் சோதனை ஆகியவற்றோடு அட்டவணையாகக் கொடுங்கள். அடுத்து வருபவருக்கு உதவப்போவது அந்த அட்டவணைதான். வெப்பமண்டலக் காட்டு நிலத்தில் கந்தக அளவீடுகள் இன்னும் மிகக் குறைவு. ஒழுங்காக எடுத்த சில எண்களுக்குக்கூட மதிப்பு அதிகம்.

அனுமதிக் காலம் முடியுமுன் வளையங்களையும் பலகைகளையும் தூண்களையும் எடுத்துவிடுங்கள். எடுத்த இடத்தைப் படம் பிடித்து, தரவு அட்டவணையோடு அனுமதி தந்தவர்களுக்கு அனுப்புங்கள்.